தானியம் நீக்கிய நாயுணவும் இருதய நலிவும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் எல்லையில் அமைந்த குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, மறையூர் ஆகிய மலையூர்களிலும் நாய்க்கு உணவிடும் முறை நெடுங்காலமாக ஒரே தன்மையதாக இருந்து வந்தது. வீட்டில் மிஞ்சிய சோறு, கஞ்சி, மீன் தலை, இறைச்சிக் கடையில் கிடைக்கும் கழிவு ஆகியவையே நாயின் ஆகாரம். எல்லைக்கு அப்பால் தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்துக் கோம்பையின் பெயரால் வழங்கும் வேட்டை நாயும் இத்தகைய உணவைக் கொண்டே வளர்க்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் இம்முறை மாறி வருகிறது. தோட்டத்து மாளிகைகளிலும், சுற்றுலா விடுதிகளிலும், நகர்ப்புற வீடுகளிலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற அயல்நாட்டு இனங்கள் பெருகியுள்ளன. அவற்றுடன் பையில் அடைத்த உலர் உணவும் வந்து சேர்ந்துள்ளது. அப்பைகளுள் சிலவற்றின் மேல் ‘தானியம் அற்றது’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். விலையும் மற்றவற்றைக் காட்டிலும் கூடுதலாக இருக்கும்.

இப்பையைக் கண்டவர்கள் மிருக ஆசுபத்திரியில் கேட்கும் வினா ஒன்றுண்டு: அரிசியும் கோதுமையும் நாய்க்கு ஆகாதவையா? களப் பணியாளர் கூறும் விடை அலட்சியமாக அமைதல் கூடாது. தானியம் நீக்கிய உணவுகள் சிலவற்றை உண்டு வந்த நாய்களின் இருதயம் விரிந்து வலுவிழந்தது பற்றி 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை வெளியிட்டது. அதன் காரணம் இன்றளவும் முற்றாகத் துணியப்படவில்லை. ஆயினும் ஒரு நாயின் உயிரைக் காப்பதற்குப் போதுமான செய்திகள் இப்போது தெரிந்துள்ளன. அவற்றை எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

தானியம் என்னும் சொல்

முதலில் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. நம் வீடுகளில் நவதானியம் என வழங்குபவை நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு என்பன. இவ்வொன்பதில் நெல்லும் கோதுமையுமே புல்லினத்தைச் சேர்ந்தவை. எள் எண்ணெய் வித்து. எஞ்சிய ஆறும் பயறு வகைகள். தமிழ் வழக்கில் இவ்வனைத்தும் தானியமே. நாயுணவு வணிகரின் கணக்கோ வேறு. நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம், வாற்கோதுமை போன்ற புல்லினத் தானியங்களை மட்டும் விலக்கிவிட்டு, பட்டாணி, மசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றை மிகுதியாகச் சேர்த்த பண்டத்துக்கும் ‘தானியம் அற்றது’ என்று அவர்கள் பெயரிடுகின்றனர். சித்தூர் வட்டத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் அப்பையின் உட்பொருட் பட்டியலைப் படித்துப் பார்ப்பாராயின், இதில் தானியமன்றி வேறென்ன இருக்கிறது என்று வியப்படைவார்.

இப்பெயரால் உண்டாகும் மயக்கம் சிறிதன்று. பையை வாங்குபவர், தானியம் நீங்கிய இடத்தை இறைச்சி நிரப்பியிருக்கும் என்று எண்ணுகிறார். உண்மை அதுவன்று. உலர் உணவு உருண்டைகளை உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இயந்திரத்தின் வழியே பிதுக்கி எடுக்கின்றனர். அவை உதிராமல் உருப்பெறுவதற்கு மாவுச்சத்து இன்றியமையாதது. அரிசி மாவை நீக்கினால் அவ்விடத்தில் பட்டாணி மாவோ, கடலை மாவோ, உருளைக்கிழங்கோ, மரவள்ளி மாவோ வந்தே தீரவேண்டும். பயறுகளில் புரதமும் மிகுதி. ஆதலால் பையின் மேல் அச்சிடப்படும் புரத அளவின் ஒரு பகுதி இறைச்சியிலிருந்து வராமல் பட்டாணியிலிருந்தே வந்திருக்கலாம்.

தானியத்தின் மேல் இவ்வெறுப்பு எவ்வாறு தோன்றிற்று? 2007ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெருமளவில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சீனத்திலிருந்து வந்த கோதுமைப் பசைப்புரதத்தில் மெலமின் என்னும் வேதிப்பொருளைக் கலந்திருந்தமையால் பல பிராணிகளின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. குற்றம் கலப்படத்தினது, பழியோ கோதுமையின் மேல் விழுந்தது. நாய் ஓநாயின் வழித்தோன்றல், ஓநாய் தானியம் உண்பதில்லை என்னும் வாதமும் இதனுடன் சேர்ந்துகொண்டது. இவ்வாதம் பாதி உண்மையையே கூறுகிறது. சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் தலைமையில் 2013இல் வெளியான மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் 2 படிகளாகவும், நாயிடம் 4 முதல் 30 படிகள் வரையிலும் உள்ளதைக் காட்டிற்று. மனிதனின் அடுப்படியில் பன்னெடுங்காலம் வாழ்ந்ததன் விளைவாக, சோற்றைச் செரிக்கும் ஆற்றலை நாய் பெற்றுள்ளது. தோல் ஒவ்வாமைக்குத் தானியமே காரணம் என்பதும் மிகைப்பட்ட கூற்று. நாய்களிடம் உணவு ஒவ்வாமையை உண்டாக்குபவற்றுள் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழியிறைச்சி ஆகியவை முன்னிற்கின்றன; கோதுமை அவற்றுக்குப் பின்னரே வருகிறது.

இருதயத்தில் நிகழ்வது

கொல்லன் உலையில் ஊதும் தோல் துருத்தியை மாணவர் பலர் இப்போது கண்டிரார். கண்டவர்க்கு இந்நோயை விளக்குதல் எளிது. துருத்தியின் தோல் உறுதியாக இருக்கும்வரை, அதனை அழுத்தும்போது காற்று வேகமாக வெளிப்படும். தோல் நைந்து தொய்ந்துவிட்டால், துருத்தி பெரிதாகத் தோன்றுமேயன்றி காற்று வலுவாக வெளிவராது. இருதயத்தின் இடக் கீழறை உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் துருத்தி. அதன் தசை வலுவிழக்கும்போது அறை விரிகிறது, சுவர் மெலிகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைகிறது. பின்தங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. சில நாய்களுக்கு வயிற்றிலும் நீர் சேரும். இதனை விரிவடைந்த இருதயத் தசைநோய் என்பர்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. விரிந்த இருதயத்துடன் ஒரு நாய் மாதக்கணக்கில் வழக்கம்போல் ஓடியாடித் திரியக்கூடும். உரிமையாளர் முதன்முதலாகக் காணும் அறிகுறி மயக்கமுற்று விழுதலாகவோ, திடீர் மரணமாகவோ கூட அமைவதுண்டு. டாபர்மேன், கிரேட் டேன், பாக்சர் போன்ற இனங்களில் இது பரம்பரை நோயாக வருகிறது. அவ்வாறு வந்தால் மருந்துகள் காலத்தை நீட்டுமேயன்றி நோய் பின்வாங்குவது அரிது. உணவின் தொடர்பால் வந்த நோயோ, உணவை மாற்றிச் சிகிச்சை அளித்தால் பல நாய்களிடத்தே பின்வாங்கியுள்ளது. ஆகையால், நோயுற்ற நாய் எதனை உண்டு வந்தது என்னும் கேள்வி, உயிருக்கும் இறப்புக்கும் இடையே நிற்கும் கேள்வியாக மாறிவிடுகிறது.

ஐயம் எழுந்த வரலாறு

1827ஆம் ஆண்டில் செருமானியராகிய டீடெமன், குமெலின் என்னும் இருவர் எருதின் பித்தநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைத் தழுவி அதற்கு டாரின் என்று பெயர் வந்தது. கந்தகம் கலந்த இப்பொருள் இருதயத் தசையிலும் விழித்திரையிலும் மிகுதியாக உள்ளது. பூனை தன் தேவைக்குப் போதிய டாரினைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெறவேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பயன் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும், இருதயம் விரிந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதையும், அதனை ஊட்டியதும் இருதயம் மீள்வதையும் 1987இல் வெளியிட்டனர். அப்பூனைகள் உண்டவை, முழுமையான உணவு என்று விற்கப்பட்ட பண்டங்களே. அதன்பின் பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. அவ்வகை இருதய நோயும் பூனைகளிடத்தே அரிதாயிற்று. உணவிலிருந்து ஒரு கூறு குறைந்து இருதயம் கெட்டதும், அது சேர்ந்ததும் நலம் பெற்றதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட நிகழ்ச்சி இது.

நாயின் நிலை வேறு. மெதியோனின், சிஸ்டீன் என்னும் கந்தக அமினோ அமிலங்களிலிருந்து நாய் டாரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதனால் நாயுணவில் டாரின் கட்டாயமாகச் சேர்க்கப்படவில்லை. ஆனால் மூலப்பொருளாகிய அவ்வமினோ அமிலங்கள் குறைந்தாலும், செரிமானத்தில் பித்தநீருடன் டாரின் மிகுதியாக வெளியேறினாலும் நாய்க்கும் குறைபாடு நேரலாம். 2003இல் வெளியான ஆய்வொன்று, டாரின் குறைந்து இருதயம் விரிந்த 12 நாய்களை விவரித்தது. அவை உண்டவை ஆட்டிறைச்சித் தூள், அரிசி ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட உணவுகள். இச்செய்தியைக் களப் பணியாளர் மறவாதிருத்தல் வேண்டும். அரிசி இருந்த உணவிலும் குறைபாடு நேர்ந்துள்ளது. பையில் தானியம் இருக்கிறது என்பது மட்டும் காப்பாகிவிடாது.

அடுத்து வந்தது கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் வரலாறு. டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், டாரின் குறைபாட்டுடன் இருதயம் விரிந்த 24 நாய்களுள் 23, தானியம் அற்ற உணவையோ பயறு மிகுந்த உணவையோ அவ்விரு தன்மையும் உடைய உணவையோ உண்டு வந்தவை. உணவை மாற்றி டாரினும் ஊட்டிய பின்னர், ஒன்றைத் தவிர ஏனைய நாய்களின் இருதய நிலை மேம்பட்டது. இருதயச் செயலிழப்பு நேர்ந்து நீர் வெளியேற்றும் மருந்தை நம்பியிருந்த நாய்களுட் சில, அம்மருந்தே வேண்டாத நிலையை அடைந்தன.

அதே ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தனது முதல் அறிவிப்பை வெளியிட்டது. 2019 ஜூனில் வெளியான விரிவான அறிக்கையின்படி, 2014 சனவரி முதல் 2019 ஏப்ரல் வரை 524 முறையீடுகள் வந்திருந்தன; அவற்றுள் 515 நாய்களைப் பற்றியவை, 9 பூனைகளைப் பற்றியவை. ஒரே முறையீட்டில் பல நாய்கள் இடம்பெற்றமையால் நோயுற்ற நாய்களின் தொகை 560 ஆயிற்று. அவற்றுள் 119 இறந்தன. குறிக்கப்பட்ட உணவுகளில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை தானியம் அற்றவை. நூற்றுக்கு 93இல் பட்டாணியோ மசூர்ப் பருப்போ இரண்டுமோ இருந்தன. பரம்பரையாக இந்நோய்க்கு ஆளாகாத இனங்களும் கலப்பினங்களும் பட்டியலில் காணப்பட்டமையே மருத்துவர்களைத் திடுக்கிடச் செய்தது.

வழக்கு முடியவில்லை

இவ்வெண்களைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. விஞ்ஞான முறை அதற்கு இடந்தராது. மேற்கூறிய 524 முறையீடுகளை ஆண்டுவாரியாகப் பிரித்தால் 2014 முதல் 2017 வரையிலான நான்கு ஆண்டுகளில் வந்தவை 7 மட்டுமே. 2018இல் 320, 2019இன் முதல் நான்கு திங்களில் 197. எச்சரிக்கை வெளிவந்த பின்னரே மக்கள் கவனித்து எழுதத் தொடங்கினர் என்பது இதனால் விளங்கும். நோய் பெருகியதா, நோக்கும் கண் பெருகியதா என்று இவ்வெண்ணிக்கையைக் கொண்டு பிரித்தறிய முடியாது. தானியம் அற்ற உணவை உண்ணும் எத்தனை நாய்கள் நலமாக உள்ளன என்பதும் அதில் அடங்கவில்லை. மேலும், நோயுற்ற நாய்களிற் பலவற்றுக்கு இரத்தத்தில் டாரின் அளவு குறையவே இல்லை. ஆகவே பூனையின் கதை அப்படியே நாய்க்கும் பொருந்தும் என்று கூறுதல் தகாது.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆராய்ச்சியாளரும் 2021இல், ஐயத்துக்குரிய உணவுகளையும் பிற உணவுகளையும் வேதிமுறையில் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரு வகைக்கும் இடையே வேறுபட்ட கூட்டுப்பொருள்கள் பல இருந்தன. அவ்வேறுபாட்டுடன் மிக நெருங்கிய தொடர்புடைய உட்பொருளாகப் பட்டாணி காணப்பட்டது. மாறாக, 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் பல கால்நடை இருதய மருத்துவப் பிரிவுகளின் பதிவேடுகளில் இந்நோயின் விகிதம் உயரவில்லை என்றது. அதனை எழுதியவர்கள் செல்லப்பிராணி உணவுத் தொழிலுக்கு ஆலோசனை கூறும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதைப் படிப்பவர் கருத்திற் கொள்ளவேண்டும்; அதனாலேயே அவர்தம் எண்கள் பொய் என்றும் கூறிவிடலாகாது. 2022 நவம்பர் முதல் நாள் வரை நாய்களைப் பற்றிய முறையீடுகள் 1,382 ஆக உயர்ந்திருந்தன. முறையீடுகளின் எண்ணிக்கை மட்டும் காரணத்தை நிறுவாது என்றும், குறிப்பிடத்தக்க புதிய விஞ்ஞானச் செய்தி கிடைத்தாலன்றி மேலும் அறிவிப்பு இல்லை என்றும் அந்நிர்வாகம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. அதனை ‘உணவு குற்றமற்றது’ என்னும் தீர்ப்பாகக் கொண்டவர் உண்டு. வழக்கு தள்ளுபடியாகவில்லை, சான்று போதாமையால் நிற்கிறது.

கேரள மக்களுக்கு இத்தகைய முடியாத வழக்கு புதிதன்று. மனிதரின் இருதய உட்சுவர் தடித்து இறுகும் ஒரு நோய், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் கேரளக் கடற்கரை மாவட்டங்களின் ஏழை மக்களிடையே மிகுந்து காணப்பட்டது. மரவள்ளியையே பேருணவாக உண்ணுதல், புரதக் குறைவு, ஒட்டுண்ணிகள் எனப் பல காரணங்கள் ஐயுறப்பட்டன. கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டுக் கனிமத்தின் தோரியம், சீரியம் ஆகிய தனிமங்கள் உணவு வழியே உடலிற் சேர்ந்து, மக்னீசியக் குறைவுடன் கூடி இருதயத்தைத் தாக்குகின்றன என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் ஒரு கருத்தை முன்வைத்து ஆராய்ந்தார். காரணம் ஐயமற நிறுவப்படுவதற்கு முன்னரே, மக்களின் உணவும் வாழ்நிலையும் உயர்ந்து, நோய் பெரிதும் குறைந்துவிட்டது.

மலைப்பகுதியின் உணவுத்தட்டு

பை உணவு வாங்கும் வசதியற்ற வீடுகளிலும் தானியம் அற்ற நாயுணவு உண்டு. இதனை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. மரவள்ளிக் கிழங்கு, அதாவது மலையாள வழக்கில் கப்பை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய பயிர். அதனை ஆராயும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது. இடுக்கி மலைக் குடியிருப்புகளில் சோறு குறைந்த நாளில் நாய்க்கும் கப்பையே விழும்.

மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி; புரதம் மிகவும் சொற்பம். அத்துடன் லினமரின் என்னும் பொருள் அதில் உள்ளது; அது சிதையும்போது சயனைடு வெளிப்படும். தோலை உரித்து, துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடும் நம் பெண்மக்களின் வழக்கம் அந்நஞ்சைப் பெரிதும் நீக்கிவிடுகிறது. எஞ்சிய சிறு அளவை உடல் கந்தகத்துடன் இணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றும். அக்கந்தகம் வருவது மேற்கூறிய கந்தக அமினோ அமிலங்களிலிருந்தே. அதாவது, டாரின் ஆக்குவதற்கு உரிய மூலப்பொருளையே நச்சு நீக்கமும் செலவிடுகிறது. கிழங்கோ அம்மூலப்பொருளைத் தருவதில்லை. வளரும் நாய்களுக்கு 14 வாரம் பதப்படுத்திய மரவள்ளி உணவு கொடுத்து ஆராய்ந்த முடிவுகள் 1993இல் வெளியாயின. ஈரல், சிறுநீரகம், இருதயத் தசை ஆகியவற்றில் சிதைவு காணப்பட்டது. இது அமெரிக்காவில் கண்ட நோயே என்று கூறுவதற்கில்லை. கிழங்கு மட்டும் நாய்க்குப் பேருணவாகக் கூடாது என்பதற்கு இது போதிய சான்று.

பயறுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அட்டப்பாடித் துவரைக்கும் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பகுதியில் பணிபுரிவோர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் துவரை இருதயத்துக்குக் கேடு என்று மக்களிடம் கூறிவிடலாகாது. மனிதருக்குப் பயறு சிறந்த உணவு. நாயின் தட்டிலும் சோற்றுடன் ஒரு கரண்டிப் பருப்பு விழுவதைக் குறித்து எவரும் ஐயுறவில்லை. ஐயம் எல்லாம், ஒரே பையை மாதக்கணக்கில் உண்ணும் நாய்க்கு, அப்பையின் பெரும்பகுதி பட்டாணியும் பருப்புமாக அமைவதைப் பற்றியதே. சாம்பாரிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பது வேறு விஷயம். காந்தளூர், வட்டவடைப் பக்கங்களில் பூண்டு மலிவு என்பதால் இதனையும் சொல்லிவைப்பது நல்லது.

மீன் சோறு இம்மலைநாட்டின் நல்வழக்கு. மீனில் டாரின் மிகுதி. ஆனால் டாரின் நீரில் கரைவது. மீனை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பங்கும் போய்விடும். எனவே மீன் வெந்த நீரைச் சோற்றிலேயே ஊற்றிப் பிசையவேண்டும். கிழங்கு வெந்த நீரைத் தவறாமல் கொட்டவேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி. நலமுள்ள நாய்க்கே அது நன்றன்று; இருதயம் நலிந்த நாய்க்கு உப்பு நீர்க்கோவையை மிகுவிக்கும் ஆதலால் கருவாட்டை அறவே நிறுத்தவேண்டும். மீன் சோறும் முழுமையான உணவன்று. சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம் முதலியவை அதில் குறையக்கூடும். குட்டிகளுக்கும் சினையுற்ற நாய்களுக்கும் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி அக்குறையை ஈடு செய்தல் வேண்டும்.

களப் பணியில் செய்யத் தக்கவை

இருமல், விரைவில் களைத்தல், உறங்கும்போதும் வேகமாக மூச்சுவிடுதல், வயிறு உப்புதல், மயங்கி விழுதல் ஆகியவற்றுடன் நாய் கொண்டுவரப்பட்டால், உணவு வரலாற்றை முதலிலேயே கேட்டு எழுதவேண்டும். ‘என்ன கொடுக்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ‘நல்ல சாப்பாடுதான்’ என்றே விடை வரும். அவ்விடை பயனற்றது. பையின் பெயர், எத்தனை மாதமாக அதே உணவு, நாள்தோறும் எவ்வளவு, அதனுடன் வேறென்ன என்று பிரித்துப் பிரித்துக் கேட்கவேண்டும். வீட்டுச் சோறானால் சோறு எத்தனை பங்கு, மீனோ இறைச்சியோ எத்தனை பங்கு, கப்பை வாரத்தில் எத்தனை நாள் என்று வினவவேண்டும்.

உணவே காரணம் என்று முன்கூட்டித் துணிந்துவிடவும் கூடாது. சிறிய இனங்களின் முதிய நாய்களில் இருதய வால்வு தடித்துப் பழுதாவது மிகவும் பொதுவானது. கொசு பரப்பும் இழைப்புழுக்களும் கவனத்துக்குரியவை. பார்வோ நச்சுயிரி இளங்குட்டிகளின் இருதயத் தசையைத் தாக்குவதுண்டு. இவற்றைப் பிரித்தறிய மீயொலிப் படம் தேவை. பாலக்காட்டுப் பகுதியினர் மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரியையும், எல்லையோர ஊர்களில் உள்ளவர்கள் உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் தொலைவு நோக்கித் தேர்ந்தெடுக்கலாம்.

பயறு மிகுந்த உணவை உண்ட நாய்க்கு நோய் உறுதியாயின், மருத்துவர் உணவை மாற்றச் சொல்வார். ஏழு முதல் பத்து நாள் வரை பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றினால் வயிறு கெடாது. உணவு மாறிவிட்டது என்று எண்ணி இருதய மருந்தை நிறுத்திவிடுபவர் உளர், அது பெருந்தீங்கு. தசை மீள்வதற்கு மாதங்கள் செல்லும். அதுவரை நாயை உயிருடன் வைத்திருப்பது மருந்தே. ஒரே வீட்டில் அதே உணவை உண்ணும் வேறு நாய் இருந்தால், அது நலமாகத் தோன்றினாலும் அதனையும் பரிசோதிக்கவேண்டும்.

பள்ளி ஆசிரியர்கள் இப்பாடத்தை இரு பயிற்சிகளால் விளக்கலாம். முதலாவது, உணவுப் பையின் பட்டியலைப் படித்தல். உட்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்படுவதே பொதுவான முறை. ஆனால் பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று ஒரே பொருளை மூன்றாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றிக் கீழே சென்றுவிடும். இறைச்சி முதலிடத்தில் நிற்கும். மாணவர்கள் நவதானியத்தை ஒன்பது கிண்ணங்களில் வைத்து, புல்லினம் எது, பயறு எது என்று பிரித்த பின்னர் இப்பட்டியலைப் படிப்பார்களானால் கூட்டிப் பார்க்கத் தாமே கற்றுக்கொள்வர்.

இரண்டாவது, மூச்சை எண்ணுதல். வீட்டில் வளரும் நாய் நன்கு உறங்கும்போது, அதனைத் தொடாமல் சற்றுத் தள்ளியிருந்து மார்பைக் கவனிக்கவேண்டும். மார்பு ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிட அளவு கிடைக்கும். நலமுள்ள நாய்க்கு இது 30க்குக் கீழ் இருக்கும். கனவு காணும் நாய் கால்களை உதறிக்கொண்டு வேகமாக மூச்சுவிடும். அப்போது எண்ணுவதைத் தவிர்க்கவேண்டும். தெரு நாய்களிடம் இப்பயிற்சி கூடாது. வெறிநோய் அச்சம் உண்டு. இருதய நோய் உள்ளதென அறியப்பட்ட நாய்க்கு இவ்வெண் அடுத்தடுத்து 30ஐத் தாண்டினால், அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். மூச்சுத்திணறல் வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்னரே நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம்.

உரிமையாளரிடம் மற்றொன்றையும் கூறிவைக்கவேண்டும். பையைக் காலி செய்து டப்பாவில் கொட்டியவுடன் பையை எறிந்துவிடுவது பொதுவழக்கம். உணவு தீரும்வரை பையை மடித்து வைத்திருக்கவேண்டும். ஆக்கப்பட்ட தொகுதி எண்ணும், நாளும், உட்பொருட் பட்டியலும் அதில்தான் உள்ளன. நாய் நோயுற்று மருத்துவர் கேட்கும் நாளில் அவை வேறெங்கும் கிடைக்கமாட்டா.